ஆறாம் படுக்கையின் உறை

மாணவர் தேர்வுக்கு முன் நோயாளியின் மருத்துவக் கோப்பைக் ‘கழுவுவது’ எங்கள் துறையில் வெகுநாள் வழக்கம். நோயின் பெயர் எந்தத் தாளில் இருக்கிறதோ அந்தத் தாளை உருவி எடுத்து, பழுப்பு உறையில் போட்டு ஒட்டி, மேலே படுக்கை எண்ணை எழுதி, பேராசிரியர் மசம்பாவின் அறையிலுள்ள இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டுவோம். நோயாளி கையோடு கொண்டுவரும் உடல்நலப் புத்தகத்தையும் வாங்கி அந்த உறையிலேயே போட்டுவிடுவோம். பதிலுக்கு ஒன்றும் எழுதாத புதுப் புத்தகம் ஒன்றைக் கொடுப்போம். இதற்கென்று ஒரு பதிவேடு உண்டு. கழுவியவர் அதில் கையெழுத்திட வேண்டும். ஐந்து வருடமாக அந்தக் கையெழுத்து என்னுடையது.

மாணவர்களை நம்ப முடியாததால் வந்த ஏற்பாடு இது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அவர்கள் விடியற்காலையில் வார்டுக்குள் வந்து கோப்புகளைக் கைபேசியில் படம் எடுத்துவிடுவார்கள். ஒரு வருடம் ஒரு பெண், மேசையில் ஸ்கேன் படமே இல்லாத ஒரு சிறுநீரகத்தின் நீள அகலத்தை மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பித்தாள். கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்ததாகச் சாதித்தாள். அன்றிலிருந்து பூட்டு.

சே மஜிடுவை முதலில் பார்த்தது நான்தான். மங்கோச்சி ஏரிக்கரை மீனவர், ஐம்பத்தொரு வயது; ‘சே’ என்பது அந்தப் பக்கத்து மரியாதைச் சொல். சிறுநீர்ப்பையில் முட்டை அளவு கல்லோடு, மூன்று நாள் சிறுநீர் கழிக்க முடியாமல், மினிபஸ்ஸில் நின்றுகொண்டே எங்கள் மருத்துவமனை இருக்கும் ப்ளான்டயர் வரை வந்திருந்தார். அன்றே திறந்து கல்லை எடுத்தேன். மயக்கம் தெளிந்ததும் கல்லைக் கேட்டார். கொடுத்தேன். அதைப் படகில் நங்கூரத்தோடு கட்டி வைத்திருப்பதாகப் பிறகு சொன்னார். வருடத்துக்கு இரண்டு முறை பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பொட்டலம் உலர்ந்த உசிப்பா மீன் கொண்டுவருவார். என் அறையில் உள்ள புத்தகங்களில் பாதிக்கு இன்றும் அந்த வாசனை உண்டு.

அவரை வகுப்புக்கு அழைத்துப் போனதும் நான்தான். சிறுநீர்ப்பாதை நோய்களில் குழந்தைகளுக்கு வருவது ஒரு நாள், பெரியவர்களுக்கு வருவது மறுநாள் என்று இரண்டு வகுப்பாகத்தான் எல்லோரும் நடத்துவார்கள். எனக்கு அது பிடிக்காது. எங்கள் ஏரிக்கரையில் இரண்டும் ஒரே நோய், நடுவில் நாற்பது வருடம் இருக்கிறது, அவ்வளவுதான். நத்தையிலிருந்து புழு தண்ணீருக்கு வருகிறது. குளிக்கும் பையனின் தோல் வழியாக உள்ளே போகிறது. பையனின் சிறுநீர் சிவக்கிறது. மருந்து கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அவன் பெரியவனாகி, அப்பனாகி, என்னிடம் வருகிறான். இதை நான் கரும்பலகையில் எழுதினால் யாரும் நினைவில் வைப்பதில்லை. சே மஜிடு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னால் வைக்கிறார்கள்.

தன் பத்து வயதைப் பற்றி அவர் சொல்வார். பையன்கள் வரிசையாகப் படகு விளிம்பில் நின்று போட்டி போடுவார்களாம். யாருக்குச் சிவப்பாக வருகிறதோ அவன் ஆம்பளை. வராதவனை இன்னும் அம்மா முதுகில் தொங்குகிறவன் என்று கேலி செய்வார்கள். தனக்கு வரத் தாமதமானதில் அழுததாகவும், வந்த நாளில் ஓடிப்போய்த் தன் அக்காவிடம் காட்டியதாகவும் சொல்வார். மாணவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பேன். பிறகு ஒன்றும் சொல்லமாட்டேன். அந்த மௌனத்தில் அவர்களுக்குப் பாடம் புரிந்துவிடும்.

இப்படித்தான் அவர் எங்கள் தேர்வு நோயாளி ஆனார். தேர்வு நோயாளிகளுக்குக் காலையில் ரொட்டியும் டீயும் உண்டு, போக்குவரத்துச் செலவு உண்டு, ஒரு சத்தியமும் உண்டு: மாணவன் எவ்வளவு கெஞ்சினாலும் உங்கள் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் சிலர் காதில் கிசுகிசுத்துவிடுவார்கள். சே மஜிடு மூன்று வருடத்தில் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது.

இந்த வருடம் மார்ச் கடைசியில் அவருக்கு மறுபடி சிறுநீரில் ரத்தம் போயிற்று. குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தேன். பின்சுவரில் மணல் ஒட்டினாற்போன்ற பழைய தழும்புகளுக்கு நடுவே ஒரு இடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு துணுக்கு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு வர இரண்டு வாரமாவது ஆகும் என்று சொல்லி அவரை ஊருக்கு அனுப்பினேன். மறுவாரம் எனக்குத் தலைநகர் லிலோங்வேயில் பயிற்சி, ஒரு மாதம். போவதற்கு முன் பேராசிரியரிடம் சொன்னேன், சே மஜிடுவின் முடிவு வந்தால் நீங்களே பாருங்கள் என்று. அவர் தலையசைத்தார். தேர்வுக்கான ஆறு உறைகளையும் போவதற்கு முன்பே நான் கழுவி முடித்துவிட்டால் தனக்கு வேலை மிச்சம் என்றார். செய்தேன். ஆறாம் உறையில் பழைய கல் அறிக்கையும், ஊருக்கு அனுப்பும்போதே நான் வாங்கி வைத்திருந்த அவருடைய பழைய புத்தகமும் இருந்தன. உறையை ஒட்டவில்லை, ஏதாவது சேர்க்க வேண்டியிருக்கும் என்று. பதிவேட்டில் மட்டும் கையெழுத்திட்டேன்.

மே முதல் வாரம் திரும்பி வந்தேன். வந்த அன்றே கேட்டேன். பேராசிரியர் கையில் இருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பழைய கதைதான் தொவேரா. புழு, தழும்பு. தேர்வுக்கு வருவாரில்ல, அப்ப பார்த்துக்கலாம்."

பன்னிரண்டு வருடம் அவரோடு வேலை செய்திருக்கிறேன். எங்கள் இருவரைத் தவிர நாட்டின் தென்பகுதி முழுவதற்கும் இந்த அறுவைக்கு ஆள் கிடையாது. ஒரே மேசையின் இரு பக்கத்தில் நின்று, பேச வேண்டிய தேவையே இல்லாமல், எத்தனையோ வயிற்றைத் திறந்து மூடியிருக்கிறோம். காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவமதிப்பாக இருந்திருக்கும் என்று அன்று நினைத்தேன். அன்று மாலையே சே மஜிடுவுக்கு போன் செய்து, பயப்பட ஒன்றுமில்லை, தேர்வுக்கு வந்தால் போதும் என்று சொன்னேன். அவர் சத்தமாகச் சிரித்து, பக்கத்தில் இருந்த மனைவியிடம் அதைத் திருப்பிச் சொன்னது எனக்குக் கேட்டது.

தேர்வு ஜூன் இரண்டாம் தேதி. விடிந்ததிலிருந்து எங்கள் ஜூன் குளிர்காலத்துக்கே உரிய சிப்பெரோனித் தூறல், மலைகளே தெரியவில்லை. வார்டில் ஆறு படுக்கைக்கும் பச்சைத் திரை. சே மஜிடு கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்து டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். குளிர்காலத்தில் மீன் குறைவு என்றார். மீன் பொட்டலத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆறாம் படுக்கைக்குத் தேர்வாளர்கள் நானும், லுசாகாவிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் ஒருவரும். மாணவன் திரைக்குள்ளே இருபது நிமிடம் நோயாளியோடு தனியாக இருப்பான். அந்த நேரத்தில் நாங்கள் வெளியே நின்று உறையைப் பிரித்துப் படித்துக்கொள்ள வேண்டும். மாணவன் பெயர் லிம்பானி, நல்ல பையன், கொஞ்சம் பயந்தவன். பத்து மணிக்கு உள்ளே போனான். நான் உறையைப் பிரித்தேன்.

மேலே இருந்த தாள் நான் வைத்தது அல்ல. ஆய்வகத்தின் நீல முத்திரை. மூன்றே வரி. சிறுநீர்ப்பைப் புற்று, நாள்பட்ட புழு நோயில் வருகிற வகை, தசை வரை இறங்கியிருக்கிறது. தேதி ஏப்ரல் பதினொன்று.

திரைக்கு அந்தப் பக்கம் சே மஜிடுவின் குரல் கேட்டது.

"தம்பி, ஐஸ் பெட்டியில கெடந்த மீன் மாதிரி இருக்கு உன் கை. தேய்ச்சுட்டுத் தொடு."

லிம்பானி மன்னிப்புக் கேட்டான். கைகளைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. எப்போது ரத்தம் போனது, வலி உண்டா, எடை குறைந்ததா என்று ஒழுங்காகக் கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஐயா, டாக்டருங்க என்னன்னு சொன்னாங்க? ஒரு வார்த்தை போதும்."

"அதெல்லாம் கேக்காதே. டாக்டரம்மாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"என் அம்மா கஷ்டப்பட்டுப் படிக்க வச்சிருக்காங்க ஐயா."

"உன் அம்மா கஷ்டப்பட்டது நீ கண்டுபிடிக்கத்தான். என்கிட்ட பிச்சை எடுக்கவா? மூணு வருஷமா பெரிய பெரிய ஆளுங்க மகனெல்லாம் கேட்டுப் பார்த்துட்டான், போ."

தேதியை மறுபடி பார்த்தேன். ஏழு வாரமும் மூன்று நாளும். வெளித்தேர்வாளர் என் தோளுக்கு மேல் எட்டிப் படித்துவிட்டு, அருமையான நோயாளி, இப்படி ஒருவரைத் தேர்வுக்கு வைத்திருக்க நீங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றார். அறுவைக்குப் பெயர் போட்டாயிற்றா என்று கேட்டார். அடுத்த படுக்கையருகே தேர்வு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் திரும்பி, எட்டாம் தேதி என்றார். என்னைப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. திரையை விலக்கினார்கள்.

லிம்பானி நின்று நோயாளியின் கதையைச் சொன்னான். எங்கள் படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: புற்று என்ற சொல்லை நோயாளியின் காதருகே சொல்லக் கூடாது. எந்த மொழியில் சொன்னாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதில் செல் பிரியும் கோளாறு என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்வோம். எதற்கு அதிகம் பயப்படுகிறாய் என்று வெளித்தேர்வாளர் கேட்டார். செல் பிரியும் கோளாறுக்கு என்றான் லிம்பானி. என்ன செய்வாய்? உடனே உள்ளே பார்த்துத் துணுக்கு எடுப்பேன், அதுவாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கமாட்டேன், ஏனென்றால் தசையைத் தாண்டிவிட்டால் அறுவையால் பயனில்லை. வெளித்தேர்வாளர் மகிழ்ச்சியோடு என்னைப் பார்த்தார். நான் மதிப்பெண் தாளில் எழுதுவதுபோல் குனிந்திருந்தேன். நான் அங்கேயே தேர்வை நிறுத்தியிருக்கலாம். தாளை உயர்த்திப் பிடித்திருக்கலாம். பத்து நிமிடம் அப்படியே நின்றேன். பேசாமல் இருப்பது என் சுபாவம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதை ஒரு நல்ல குணமாகவே இதுவரை எண்ணியிருந்தேன்.

நிமிர்ந்தபோது சே மஜிடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிம்பானியையோ, கேள்வி கேட்டவரையோ அவர் பார்க்கவில்லை. வழக்கமாக மாணவன் போனதும் பையன் பாஸா என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.

கடைசி மாணவன் போனதும் பேராசிரியரின் அறைக்குப் போனேன். தாளை மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தார் போலும். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவராகவே பேச ஆரம்பித்தார். மயக்க மருந்து மருத்துவர் மே மாதம் முழுவதும் இல்லை. ரத்த வங்கியில் ரத்தம் இல்லை. காத்திருப்போர் பட்டியல் ஆறு மாதம் நீளம். அதில் சே மஜிடுவைத் தாமே முன்னால் தூக்கி எட்டாம் தேதியில் போட்டிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து தேர்வாளர் வரும்போது காட்ட வேறு யாரும் இல்லை. சென்ற முறை நம் தேர்வு பலவீனம் என்று அவர்கள் எழுதிவிட்டுப் போனது உனக்கே தெரியும். எதையும் அவர் மறைக்க முயலவில்லை. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. இதெல்லாம் சேர்த்து ஒரு நியாயமான கணக்காக அவருக்குள் இருந்திருக்கிறது.

"என்கிட்ட பொய் சொன்னீங்க," என்றேன்.

"உன்கிட்ட சொல்லியிருந்தா நீ அன்னைக்கே அவரைக் கூப்பிட்டிருப்பே."

"ஆமா."

"அப்புறம் தேர்வுக்கு யாரை வைக்கிறது?"

ஜன்னலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவர் தணிந்த குரலில், ஏழு வாரத்தில் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றார். அது உண்மை. பிறகு அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்துப் புரட்டி, ஆறாம் உறைக்கு நேரே என் கையெழுத்தைக் காட்டினார். மிரட்டலாகக் காட்டவில்லை, ஏதோ ஆறுதல்போல, நாம் இருவரும்தானே என்பதுபோலக் காட்டினார். ஒட்டாத உறைக்கு, உள்ளே என்ன வரப்போகிறது என்று தெரியாமல் நான் போட்ட கையெழுத்து. கடைசியாக ஒன்று சொன்னார்.

"எட்டாம் தேதி திறந்து பார்ப்போம். அதுவரைக்கும் அவரைக் கலவரப்படுத்தாதே."

நான் உறையை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

மற்ற தேர்வு நோயாளிகள் போய்விட்டிருந்தார்கள். சே மஜிடு சட்டை மாற்றி, குல்லாய் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு ஆறாம் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று நான்காம் வருட மாணவர்களுக்கு நான் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுக்கிறேன்.

அவரே தொடங்கினார்.

"அந்தப் பையன் என்னமோ ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னான் இல்ல?"

நான் தலையசைத்தேன்.

"இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. ஆனா மூணு வருஷமா இந்தப் படுக்கையில உக்காந்திருக்கேன் டாக்டரம்மா. அந்த வார்த்தையைப் பக்கத்துப் படுக்கையில சொல்லிக் கேட்டிருக்கேன். சொம்பா ஊர்க்காரரு ஒருத்தர் இருந்தாரே, தாடி வச்சவரு. அவர்கிட்ட சொன்னாங்க. அந்தச் சின்னப் பொண்ணு, வயித்துல கட்டி, அவ படுக்கையில சொன்னாங்க. அந்த வார்த்தை வாங்கினவங்க யாரும் அடுத்த வருஷம் டீ குடிக்க வந்ததில்ல."

தூறல் நின்றிருந்தது. வார்டில் யாரோ தட்டு கழுவும் சத்தம். நான் சொன்னேன், எங்கள் இருவருக்கும் தெரிந்த சிச்சேவா மொழியில், சுற்றி வளைக்காமல். என்ன நோய், எங்கே இருக்கிறது, என்ன அறுவை. சிறுநீர்ப்பையையே எடுத்துவிட வேண்டும், சிறுநீர் பிறகு வயிற்றில் வேறு வழியாக வரும். எடுக்கும் நிலையில் இருந்தால்தான் எடுக்க முடியும். அதற்குப் பிறகு தண்ணீருக்குள் இறங்கலாமா என்று கேட்டார். முடியாது என்றேன்.

"காகிதம் எப்போ வந்தது?"

"ஏப்ரல் பதினொண்ணு."

"நீங்க போன் பண்ணினது மே மாசம்."

"அப்ப எனக்குத் தெரியாது. வேற மாதிரி சொன்னாங்க, நம்பிட்டேன்."

"இன்னைக்கு அவன் பேசினப்ப?"

"தெரியும்."

"பேசாம நின்னீங்க."

"நின்னேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மெதுவாக, ஏதோ மீன் எண்ணுகிறவர் போல, விரல் மடக்கினார். ஆய்வகத்துக்காரர், பெரிய டாக்டர், வெளியூர்க்காரர், நீங்க, அந்தப் பையன்கூட. ஐந்தாவது விரலை மடக்கிவிட்டுக் கையை மடியில் வைத்தார்.

"அவன் எவ்வளவு கெஞ்சினான் தெரியுமா," என்றார். "நான் சொல்லவே இல்ல. சொல்ல என்கிட்ட என்ன இருந்தது?"

எட்டாம் தேதி அறுவைவரை இங்கேயே தங்குகிறாரா, மனைவியோடு பேசிவிட்டு வருகிறாரா என்று கேட்டேன். அவர் வேறு ஒன்று கேட்டார். இந்த அறுவையை இங்கே யார் செய்வார்கள்? பெரிய டாக்டரும் நானும் என்றேன். வேறு யாரும்? ப்ளான்டயரில் இல்லை, லிலோங்வேயில் ஒருவர் இருந்தார், அவர் வெளிநாடு போய்விட்டார். சே மஜிடு ஜன்னலைப் பார்த்தார். மலையின் கீழ்ப்பாதி மட்டும் தெரிய ஆரம்பித்திருந்தது. அவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டால் போய்விடட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"அவர் என்னைத் தொடக் கூடாது," என்றார்.

இந்த அறுவைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொடமாட்டார் என்றேன். யாரை உதவிக்கு வைத்துக்கொள்வேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அவர் பையைத் திறந்து, தேர்வுக்காகக் கொடுத்த புதுப் புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டார். தன்னுடையதைக் கேட்டார். உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மூலைகள் மடங்கி, மீன் எண்ணெய்க் கறை படிந்த புத்தகம். அதைப் புரட்டிக் கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தார். மார்ச் மாதம் நான் எழுதிய வரி, துணுக்கு எடுத்தேன் என்று. அதற்குக் கீழே வெறுமை.

"இதுல எழுதுங்க. சிச்சேவாவுல. என் தங்கச்சி மகன் படிக்கிற மாதிரி பெரிய எழுத்துல."

எழுதினேன். நோயின் பெயரை, கிசுகிசுக்காத சொல்லில், முழுதாக எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்திட்டேன். இன்றைய தேதியைப் போடப் போனபோது அவர் கையை நீட்டிப் பேனாவை நிறுத்தினார்.

"இன்னைக்கு இல்ல. அது வந்த நாள்."

அந்தத் தேதியைப் போட்டால் அதன் பொருள் என்ன என்று இருவருக்கும் தெரியும். புத்தகம் அவருடையது, யாரும் கழுவ முடியாது. நாளைக்கு யார் கேட்டாலும், ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவே என்ன செய்தீர்கள் என்று அது கேட்கும். என் பெயருக்கு நேரே கேட்கும்.

ஏப்ரல் பதினொன்று என்று எழுதினேன். அதற்குக் கீழே, நோயாளிக்குச் சொன்ன நாள் ஜூன் இரண்டு என்று இன்னொரு வரி எழுதினேன். அதை அவர் கேட்கவில்லை. என்ன எழுதினேன் என்று கேட்டார். படித்துக் காட்டினேன்.

அவர் புத்தகத்தை வாங்கி, மை காயும்வரை திறந்தே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மூடி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எட்டாம் தேதிக்கு முந்தின நாள் வருவதாகச் சொன்னார். தலையணைக்குப் பக்கத்தில் நான் மறந்து வைத்திருந்த மீன் பொட்டலத்தை எடுத்து, ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு, தன் பையிலேயே போட்டுக்கொண்டு நடந்தார்.